அரங்கு நிறைந்த காட்சி

அரசும் ஒரு கம்பெனியும் சேர்ந்து நடத்தும் கலையரங்கம் அது.

"இன்னைக்கும் சுற்றுலாப் பயணிங்க வரலைன்னா மூடிடுவாங்களாம்," என்று கலங்கினாள் நடனக்காரி.

திரை விலகியது. ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. எங்கு பார்த்தாலும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கேமரா! அவள் உயிரைக் கொடுத்து ஆடினாள்.

"எங்க துறையோட விளம்பரம்!" என்று மார்தட்டினார் அதிகாரி.

"எங்க கம்பெனி விட்ட பஸ்!" என்றார் மேனேஜர்.

ஆட்டம் முடிந்து விளக்கு எரிந்ததும், தொப்பிக்காரர் ஒருவர் அடுத்த வரிசையில் தன் மனைவியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீயா? கம்பெனிக்குன்னுதானே கிளம்பினே!"

"பயணி மாதிரி வந்து உக்காரணும்னு மேனேஜர் உத்தரவுங்க. உங்க ஆபீஸ்லயுமா?"

"எங்க ஆபீஸே இங்கதான் இருக்கு!"

வாசலில் காவலாளி அதிகாரிக்குப் பெருமையாக சல்யூட் அடித்தார்.

"வெளிநாட்டுக்காரங்க இன்னும் நாலு பேர் வந்தாங்க சார். இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டேன்!"