குடிலில் ஒரு வெள்ளாடு

“இது வெள்ளாடு” என்றார் பங்குச் சாமியார்.

ஸ்டானிஸ்லாஸ் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் இந்த வருஷமும் தோற்றால் மீசையை எடுத்துவிடுவதாக, நடுத்தெருவில் நின்று மச்சான் லூயிஸிடம் சவால் விட்டிருந்தான். லூயிஸ் சலூன்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டே வந்திருந்தான்.

போட்டிக்கு ஒரே ஒரு விதிதான். குடிலில் செம்மறி மட்டுமே நிற்கலாம். உலகம் முடியும் பொதுத் தீர்வை நாளில் வெள்ளாடுகளுக்குப் பாவிகள் நிற்கும் இடப்பக்கம்தான் என்று வேதத்திலேயே சொல்லியிருக்கிறதாம்.

சாமியாரைச் சொல்லியும் குற்றமில்லை. போன மாதம்தான் ஊட்டியிலிருந்து ராயபுரத்துக்கு மாற்றலாகி வந்த மனிதர். அங்கே செம்மறி என்றால் உடம்பெல்லாம் கம்பளி. இங்கே குடிலில் நின்றதோ மொழுமொழுவென்று செங்கல் நிறத்தில். போதாக்குறைக்கு, பாலன் இயேசுவின் வைக்கோலை வேறு தின்றுகொண்டிருந்தது.

“அதோ, அதுதான் செம்மறி” என்று மாதா சுரூபத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று, சுருள் சுருளாக இன்னொன்று, வைக்கோலில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் அந்தப் பேச்சை வளர்க்க விரும்பவில்லை. சிவப்பு ஆட்டை இரவல் கொடுத்த கறிக்கடை சௌக்கத் அலியை அவசரமாக முன்னால் தள்ளினான்.

“நம்மூரு வெயிலுக்குக் கம்பளி இன்னாத்துக்கு சாமி? இது செங்கல்பட்டு செவப்பு, செம்மறி சாதி. நெத்தில வெள்ளை கீது பாருங்க. வாலைத் தூக்கிகினு நின்னா வெள்ளாடு. தொங்கவுட்டா செம்மறி. அவ்ளோதான்.”

சாமியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். பெட்ரோமாக்ஸை யாரோ கிட்டே பிடித்தார்கள். தெருவே அந்த வாலைப் பார்த்தது.

தொங்கியது.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கற்ற வித்தையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? எட்டிப்போய் வெள்ளை ஆட்டின் முதுகில் தட்டி, “எழுந்திரு, பார்ப்போம்” என்றார்.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் அதன் வால் விறைத்து மேலே நின்றது. ஆடவும் ஆடியது.

“அடடா! அப்படியானால் இதுதான் வெள்ளாடு!”

“சத்தியமா வெள்ளாடு இல்ல சாமி” என்று சொல்ல ஸ்டானிஸ்லாஸ் வாயெடுத்தான். பின்னே இது என்னவென்று அவர் கேட்டால்?

சாமியார் இளகிய மனசுக்காரர். “தெரியாமல் வைத்துவிட்டாய், போகட்டும். அதை வெளியே அனுப்பிவிடு. அந்தச் சிவப்புச் செம்மறிக்காகவே முதல் பரிசு உங்கள் தெருவுக்குத்தான்.”

விசில் பறந்தது. லூயிஸின் முகம் சுண்டிப்போனது. சலூன்காரர் பெட்டியை மூடிக்கொண்டார். ஸ்டானிஸ்லாஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

தெருமுனை வரை போன சாமியார் அங்கே நின்றார். மத்தியானமே தன் பங்களாவிலிருந்து காணாமல்போன நாய் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“டாமி! டாமி!” என்று உரக்கக் கூப்பிட்டார்.

வெள்ளாடு ஒட்டிய பஞ்சு பறக்கக் குரைத்துக்கொண்டு ஓடியது.