நாற்பத்தொன்றாம் பக்கம்

"சேர், நாப்பத்தோராம் பக்கத்தைக் காணேல்லை."

உதவியாளர் தேவகுமாரி சொன்னதும் ஐசாக் மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பக்கம் இல்லை, பிள்ளை. தாள். நாப்பத்தொண்டும் நாப்பத்திரண்டும் ஒரே தாளிலைதான் கிடக்கும். களவு போனதையாவது சரியாய்ச் சொல்ல வேணும்."

கல்லூரி நூலகத்தில் அவருக்கு முப்பது வருஷம். புத்தகத்தின் மூலையை மடித்தவனைக் காலைப் பிரார்த்தனையில் எழுப்பி நிறுத்தியவர். கலியாணக் கார்ட் வந்தால் முதலில் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பார். அவருடைய நூலகத்தில், கப்பலேறி வந்த விஞ்ஞான சஞ்சிகையில், யாரோ பிளேட் வைத்திருக்கிறார்கள்.

"அதிலை என்ன சேர் இருந்தது?"

"இரண்டு மூளையின்ரை கலர்ப் படம். புதுசாய் ஒரு மெஷின். மூளை உசாராய் வேலை செய்யிற இடம் சிவப்பாய்த் தெரியும். மனச்சோர்வு வந்த ஆளின்ரை மூளை நீலமாய் மங்கிக் கிடக்கும். சுகமானது சிவப்பு, வருத்தக்காரரின்ரை நீலம். விளங்குதோ?"

"சண்டையாலை ஊருக்கே நாலு வருஷமாய்க் கரண்ட் இல்லை. அவங்கள் மூளைக்குள்ளை லைற் எரியுதோ எண்டு பாக்கிறாங்களாக்கும்."

"பகிடி பிறகு. ஆர் எடுத்தது எண்டு பார்."

பதிவேட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. கல்லூரிக் கந்தோரில் வேலை செய்யும் கனகலிங்கம் கிளாக்கர்.

"திங்கக்கிழமை அதிபரிட்டைச் சொல்லுவன். அதுக்கு முதல் தாளைக் கையோடை பிடிக்க வேணும்."

"அந்தாளின்ரை வேலை போயிடுமே, சேர்!"

"போகட்டும்."

சனிக்கிழமை உரும்பிராய்க்கு, கிளாக்கர் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தார். கனகலிங்கம் கொடிகாமம் சந்தைக்குப் போயிருந்தான். தாய் நல்லம்மாதான் கதிரை இழுத்துப் போட்டாள்.

நல்லம்மாவின் வாயை மாஸ்ரர் அறிவார். போன மாதம் ஒரு கலியாண வீட்டில், "மருமேளுக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு. தலைக்குள்ளை ஒண்டும் இல்லையாம். வேலை செய்யப் பஞ்சியிலை படுத்துக் கிடக்கிறாள்" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னவள். அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டென்று அப்போதே திருத்த வாயெடுத்தார். பாயாசம் வந்துவிட்டது.

இப்போது நிமிர்ந்து பார்த்தார். சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய தாள்! சட்டத்துக்கு அளவாக, படத்தின் கீழிருந்த விளக்க வரிகளையும் நறுக்கியிருந்தார்கள்.

அவர் வாய் திறக்க முன்னமே நல்லம்மா தொடங்கிவிட்டாள்.

"உதைப் பாருங்கோ, மாஸ்ரர். மகன் கொண்டந்து காட்டினவன். உந்த வருத்தம் எக்ஸ்ரேயிலை தெரியாதாம். நான் பாவி, எட்டு மாசமாய்ப் பஞ்சிக்காரி எண்டு ஏசிப்போட்டன்."

விரலைக் கொண்டுபோய்ச் சிவப்பு மூளையில் வைத்தாள்.

"இதுதான் எங்கடை அருந்ததியின்ரை மாதிரி. எரியிற எரிவைப் பாருங்கோ! தலைக்குள்ளை உவ்வளவு நெருப்பை வைச்சுக்கொண்டு பெட்டை எப்பிடி எழும்புவாள்? மற்றது சுகமான ஆளின்ரை. நீலமாய், குளிர்மையாய்க் கிடக்குது. நான் இப்ப ஒவ்வொரு நாளும் எண்ணெய் வைச்சு, இளநி குடுத்து, பக்கத்திலையே இருக்கிறன்."

தலைகீழ்! அட்சரம் பிசகாத தலைகீழ். முப்பது வருஷத்துச் சிவப்புப் பென்சில் மாஸ்ரரின் தொண்டைவரை வந்துவிட்டது.

"அம்மா, நீங்கள் சொல்லுறது பி..."

"மாமி, மாஸ்ரருக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லையோ?"

உள்ளறையிலிருந்து வந்த மெல்லிய குரல்.

"கேட்டியளே! மூண்டு நாளைக்குப் பிறகு தானாய் வாய் திறந்திருக்கிறாள்!" நல்லம்மா குசினிக்கு ஓடினாள்.

அறைவாசலில், நிலையைப் பிடித்தபடி அருந்ததி நின்றாள். தலையில் எண்ணெய் மினுங்கியது.

"திருத்தாதேங்கோ, சேர்."

"பிள்ளை, அந்தப் படத்திலை..."

"தெரியும். சட்டம் போட முதலே கீழை இருந்ததை வாசிச்சிட்டன். நீலம்தான் என்ரை."

ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்தாள்.

"மாமி ஒவ்வொரு விடியக்காலமையும் வந்து என்ரை கையைப் பிடிப்பா. அந்தச் சிவப்பைக் காட்டி, 'இதுதான் பிள்ளை உன்ரை மூளை' எண்டு சொல்லுவா. அவ சொல்லச் சொல்ல, சில நாளைக்கு எனக்கும் அப்பிடித்தானோ எண்டு கிடக்கு, சேர்."

மாஸ்ரர் தேநீரைக் குடித்தார். நல்லம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் "ஓம்" என்றார். படம் கொஞ்சம் சரிந்து தொங்கியது. புறப்படும்போது அதை மட்டும் நேராக்கினார்.

திங்கட்கிழமை தேவகுமாரி சேதப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சேர், இதிலை 'கரையான் அரித்தது' எண்டு எழுதியிருக்கிறியள்?"

"ஓம்."

"வெட்டு அடிமட்டம் வைச்சுக் கோடு கீறின மாதிரி நேராய் இருக்குதே!"

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"படிச்ச கரையான், பிள்ளை."