கன்சோலில் ஒரு கேள்வி

மூளையில் பொருத்தியிருந்த சிப் உறைந்துபோனதால் காங்கேயத்தில் நாச்சிமுத்து கண்ணைத் திறந்தபடி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்ப வேண்டியவள் நாகர்கோவிலில், தன் வீட்டிலிருந்தே சிப் கம்பெனிக்கு வேலை பார்க்கும் மெர்லின். சிப்பில் எல்லாம் நின்றுபோனாலும், அவரோடு பேச உதவும் கன்சோல் திரை மட்டும் உயிரோடு இருக்கும். அதில் வெறும் எழுத்துகள் போகும், வரும்.

மெர்லின் அதைத் திறந்தபோது உள்ளே யாரோ ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"குழம்புல உப்பு சரியா இருக்குதா?"

"இருபது வருசமா கம்மி."

பதில் நாச்சிமுத்துவுடையது; கேட்பது யார் என்று மெர்லினுக்குப் புரியவில்லை. அவர் மனைவி கோகிலவாணிக்குப் போன் செய்தாள்.

"அம்மா, லைன்ல நீங்களா? வெளிய வாங்க, ரீஸ்டார்ட் பண்ணணும்."

"போன தடவ நீதான கண்ணு இதுல நுழைய வழி சொல்லிக் குடுத்த? செத்த இரு. எந்திரிச்சா மனுசன் வாயே தொறக்க மாட்டாரு. இதுல கேட்டதுக்கெல்லாம் பதில் வருது."

"ரொம்ப நேரம் விட்டா உடம்பு தாங்காதும்மா."

"தெரியுது."

ஆனாலும் கோகிலவாணி கன்சோலை விட்டு வெளியேறவில்லை. அவளை வெளியே தள்ள மெர்லினால் முடியும். மனம் வராமல், தானே கன்சோலில் தட்டினாள்: "சார், எழுப்பட்டுமா?"

பதில் தாமதமாக வந்தது. "அவளைக் கேளு."

இரண்டு திரைகளிலும் அது தெரிந்தது.

"இத்தன வருசத்துல எதையும் என்னையக் கேக்கச் சொன்னதில்ல கண்ணு," என்றாள் கோகிலவாணி. "இப்ப நான் என்னன்னு சொல்லட்டும்?"

திரையில் கோகிலவாணியின் பக்கமிருந்து 'எழுப்பு' என்று எழுத்தெழுத்தாக வந்தது. மெர்லின் ரீஸ்டார்ட் விசையைத் தொடுவதற்குள் அது அழிந்தது.