ஜீப்புக்கு லாரி டர்போ

“இதுக்கு மேல டீசல ஏத்தி வுட்டா என்ஜின் வெந்துடும், எபி.”

“வெந்தா வேகட்டும்ண்ணா. விசில் பத்தல.”

மெக்கானிக் வெற்றிவேல் ஸ்பானரை எபி வீட்டுப் போர்டிகோ தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். பம்மலில் முப்பது வருஷமாக ஷெட் வைத்திருப்பவர். வண்டிக் கிறுக்கர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். அந்த வரிசையில் எபி இப்போது முதலிடத்துக்கு வந்துகொண்டிருந்தான்.

இரண்டு வாரமாக இதே கூத்துதான். மலை, காடு என்று சுற்றுவதற்காக எபி என்றைக்கோ வாங்கிய டீசல் ஜீப், இரண்டு வருஷமாகப் போர்டிகோவில் தூசி படிந்து கிடந்தது. திடீரென்று ஒருநாள் அதற்கு வீட்டிலேயே டர்போ கட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டான். இழுவை கூட என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சாதனம் அது; வேகமாகச் சுற்றும்போது விசிலடிக்கும்.

காயலான் கடையில் தேடிப் பிடித்த லாரி டர்போவை உட்கார வைக்க இரும்புத் தகட்டை அறுத்தான். கேட்டுக்குப் போடும் பைப்பை வளைத்துப் பற்றவைத்தான். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, எண்ணெய்க் கையோடு ‘யெஸ், யெஸ்’ என்றான்.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல? இது லாரி டர்போ, உன் ஜீப்புக்கு ரொம்பப் பெருசு. சுத்தறதுக்கே நேரமாவும், இழுவையும் வராது. சின்னதா ஒண்ணு என் ஷெட்டுல கீது, அத்த மாட்டிக்கோ.”

“சின்னது வேணாம்ண்ணா. இதுதான் வேணும். ஏர் ஃபில்டர் டப்பாவையும் கழட்டிடலாம், அது சத்தத்த அமுக்குது. தெருமுனையில செகண்ட் கியர்ல திரும்பும்போதே விசில் வீடு வரைக்கும் கேக்கணும்.”

“டப்பாவக் கழட்டுனா தூசியெல்லாம் உள்ள பூந்து பேஜாராயிடும்பா. மலை ஏறசொல்லோ விசிலடிச்சா பத்தாதா? தெரு திரும்பறதுக்கு இன்னாத்துக்கு? உங்கப்பா இருந்திருந்தா இந்த ஸ்பானராலயே உன்ன ஒண்ணு போட்டிருப்பாரு. அவரு லாரிய எவ்ளோ பதமா வெச்சிருந்தாரு தெரியுமா?”

எபி தானே குனிந்து டப்பாவின் போல்ட்டைத் திருக ஆரம்பித்தான்.

மாடியில் குடியிருக்கும் சுபத்ரா, கஞ்சிக் கிண்ணத்தோடு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

“எபி, உங்கம்மா இன்னிக்கும் ரெண்டு ஸ்பூனுக்கு மேல வாங்கல. திங்கட்கிழமைக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலேன்னா மூக்குல ட்யூப் போட்டுடுவேன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? இன்னிக்கு சனிக்கிழமை. நீ என்னடான்னா வண்டிக்கு விசில் கட்டிட்டு இருக்க!”

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும்? பெத்தவள இப்படிப் போட்டுட்டு ஊர் சுத்த வண்டி ரெடி பண்ற பிள்ளைய நான் பார்த்ததே இல்ல.”

எபி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஜன்னலோர நாற்காலியில் அம்மா மெட்டில்டா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மத்தியானம் வைத்த ரசம் சாதம் ஆறிக் கிடந்தது. எபி ஒரு வாய் பிசைந்து நீட்டினான்.

“அப்புறம்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று வாரமாக எந்த வேளைக்கும் இதே பதில்தான். கண் மட்டும் தெருவை விட்டு நகரவில்லை.

பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்து, மரியாதையாகக் கேட்டாள். “சார், மணி ஆறாகப் போகுது. நீங்க இன்னும் கிளம்பலையா? வீட்டுல தேட மாட்டாங்களா?”

மறதி நோய் முற்றிய அம்மாவுக்கு அவன் இப்போது யாரோ ஒரு சார். அவள் வாயால் தன் பெயரைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாது. தன்னைத் தேட யாருமே இல்லை என்பதை அவளிடமே எப்படிச் சொல்வது?

“இதோ கிளம்பிட்டேம்மா,” என்றான்.

ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனான். கேட்டருகே வெற்றிவேல் கை கட்டி நின்றார். சுபத்ரா மாடிப்படியில் நின்று முறைத்தாள்.

ஐந்து நிமிஷம் கழித்து ஜீப் தெருமுனையில் திரும்பியது. செகண்ட் கியரில் என்ஜின் உறும, அதற்கு மேலே மெலிசாகக் கிளம்பிய விசில், ஏறி ஏறித் தெரு முழுக்கக் கேட்டது.

வெற்றிவேலின் நெற்றி சுருங்கியது. “இந்தச் சத்தத்த எங்கியோ கேட்டிருக்கேனே…”

சண்டைக்கு வாயெடுத்த சுபத்ராவும் அப்படியே நின்றுவிட்டாள். வாசல் கதவு திறந்திருந்தது. பத்து நாளாக இரண்டு பேர் தூக்கினால்தான் எழுந்துகொண்ட மெட்டில்டா, தானாக நடந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

எபி என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். கறுத்த கையும் எண்ணெய்ச் சட்டையுமாகப் படியேறினான். அவனைப் பார்த்து அவள் முகமெல்லாம் சிரித்தாள்.

“வந்துட்டீங்களா? கை கழுவிட்டு வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்… எபி பாவம், பசியோட உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கான்.”