அறுபதைத் தாண்டினால்

"போச்சு! இன்னிக்கும் கழுத்தறுத்துடுச்சு!"

ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினான் அவன். முன்னால் போன லாரியை முந்தலாம் என்று மிதித்த நேரம் பார்த்துக் கார் இழுத்துப் பிடித்தது, இரண்டு குலுக்குக் குலுக்கியது, ஓரமாக ஒதுங்கி அணைந்துவிட்டது. எதிரே வந்த பஸ்காரர் ஹாரனை அலறவிட்டு, போகிற போக்கில் கையை நீட்டித் திட்டிவிட்டும் போனார்.

மணி எட்டே முக்கால். ஒன்பதரைக்கு அவன் கம்பெனியில் இருந்தாக வேண்டும். பைப் கம்பெனிக் கிடங்கில் பதினோரு வருஷம் மாடாக உழைத்தவனுக்கு இப்போதுதான் சூப்பர்வைசர் பதவி கண்ணில் தெரிந்திருக்கிறது. "இந்த வாரத்துல மட்டும் ரெண்டு நாள் லேட். நாளைக்கும் லேட்டா வந்தா அந்தப் பதவியை மறந்துடுங்க" என்று மேனேஜர் நேற்றுதான் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

"கொஞ்சம் முன்னாடியே கிளம்பியிருக்கலாம்" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். போகிற வழியில் அவளை இறக்கிவிட வேண்டும்.

"என் வாயைக் கிளறாதே. ஏற்கெனவே வயிறு எரியுது."

அவள் வாயைக் கிளறவில்லை. குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "பத்து நாளா இந்தக் கால் மட்டும் விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க."

"நாள் பூரா நின்னுக்கிட்டே பில் போட்டா வலிக்காம என்ன பண்ணும்? எனக்கு இங்க பொழப்பே போகுது, உனக்குக் கால்!"

அவன் போன் போட்டதில், பத்தே நிமிஷத்தில் மெக்கானிக் பைக்கில் வந்து இறங்கினார்.

"என்ன சார், போன வாரம்தானே பார்த்துக் கொடுத்தேன்?"

"பார்த்து என்னத்தைக் கிழிச்சீங்க? நாப்பதுல போனா சொன்ன பேச்சு கேக்குது. அறுபதைத் தாண்டினா போதும், பின்னாலேர்ந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி நின்னுடுது!"

மெக்கானிக் முன்பக்கத்தைத் திறந்து அதைத் தட்டினார், இதை ஆட்டினார், ஒயரை முகர்ந்துகூடப் பார்த்தார். "இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. அம்மா, நீங்களும் கொஞ்சம் இறங்கி நில்லுங்க. நான் ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

போனவர் ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "எண்பதுலயும் போனேன், தொண்ணூறுலயும் போனேன். சும்மா பறக்குது சார். நீங்க ஓட்டற விதத்துலதான் ஏதோ..."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?" அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "எல்லாம் இந்தக் காரை எனக்கு வித்தவரைச் சொல்லணும். என்னமாப் பேசினார்! டிரைவிங் ஸ்கூல்ல ஓடின வண்டி, வேகம்னா என்னன்னே அதுக்குத் தெரியாதுன்னு தேனா ஒழுகினார். நானும் இளிச்சவாயனாத் தலையாட்டினேன்!"

கையைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்தார். "என்னது, டிரைவிங் ஸ்கூல் வண்டியா? இதைப் போன வாரமே சொல்லக்கூடாதா?"

விறுவிறுவென்று அவள் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து, கீழே புடைத்துக்கொண்டிருந்த ரப்பர் மிதியடியைத் தூக்கினார். உள்ளே ஒரு இரும்பு மிதி தெரிந்தது.

"பார்த்தீங்களா? ஓட்டச் சொல்லித் தர்றவர் காலுக்கு இன்னொரு பிரேக். இதைக் கழட்டாமலே மூடி உங்க தலையில கட்டிட்டாங்க. அம்மா பாட்டுக்குக் காலை நீட்டியிருப்பாங்க, அது பாட்டுக்கு வண்டியை நிறுத்தியிருக்கு. அவ்வளவுதான் விஷயம்!"

அவனுக்கு உயிர் வந்தது. மனைவியைப் பார்த்ததும் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கிவிட்டது. "இவளைச் சொல்லி என்ன பிரயோஜனம்? இவளுக்கு என்ன தெரியும், கால் வைக்கிற கட்டைன்னு நினைச்சிருப்பா."

மணி பார்த்தான். ஒன்பது பத்து. இனி எங்கும் நிற்காமல் போனால் அவளையும் இறக்கிவிட்டு ஒன்பதரைக்குள் நுழைந்துவிடலாம். பதவி இன்னும் கைநழுவிப் போய்விடவில்லை.

"முதல்ல அந்தச் சனியனைக் கழட்டித் தூரப் போடுங்க!"

"ரெண்டே நிமிஷம் சார்" என்று மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார்.

அதற்குள் அவள் விடுவிடுவென்று வந்து தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, அந்த மிதியின் மேல் காலை அழுத்தமாக வைத்தாள்.

"கழட்டாதீங்கண்ணே, கொஞ்சம் எண்ணெய் மட்டும் விடுங்க. அழுத்தி அழுத்திக் கால் வலி உயிர் போகுது!"