போன வருஷ மாடல்

"இந்த வருஷ மாடல் வேணாம்டா. போன வருஷத்து வண்டியையே எடு" என்றான் காசி.

மூர்த்திக்குச் சுருக்கென்றது. ஷோரூமுக்குள் நுழைந்ததிலிருந்து இதே பேச்சுதான்.

இரண்டு ஸ்போர்ட்ஸ் பைக்குகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுமே சிவப்பு.

"சார், இது 2005 மாடல். டிஜிட்டல் மீட்டர், அலாய் வீல், சீட்டைக்கூட ரேஸ் வண்டி மாதிரி ரெண்டா பிரிச்சிருக்காங்க" என்றார் சேல்ஸ்மேன். "அது 2004. ஸ்டாக்ல அது ஒண்ணுதான் மிச்சம். என்ஜின் என்னவோ ரெண்டுக்கும் ஒண்ணுதான்."

"பார்த்தியா? என்ஜின் ஒண்ணுதான்னு அவரே சொல்றாரு" என்றான் காசி.

"பார்க்கறவன் ஒரே வண்டின்னா சொல்லுவான்?"

"பார்க்கறவனுக்காகவா வண்டி எடுக்கற?"

"வேற எதுக்குடா ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கறாங்க?"

சேல்ஸ்மேன் சிரித்துவிட்டார். காசி சிரிக்கவில்லை.

"புதுசுல மைலேஜ் கம்மியா இருக்கும்."

"இல்ல சார், ரெண்டும் ஒரே மைலேஜ்தான்."

"கலர் ஒரு மாதிரி இருக்கு."

"ரெண்டுமே செவப்புதான்டா!" மூர்த்தியின் குரல் உயர்ந்தது. காசி தண்ணீர் குடிக்க வெளியே போனான்.

சேல்ஸ்மேன் பக்கத்தில் வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். கூட வர்றவங்களுக்குச் சில சமயம் மனசு தாங்காது. இங்க தினமும் பார்க்கறோம்."

அந்தப் பேச்சு மூர்த்திக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். சர்வீஸ் கமிஷன் பரீட்சையையும் சேர்ந்தேதான் எழுதினார்கள். மூர்த்தி பாஸ் பண்ணி ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போனான். இப்போது ஊரை ஒட்டிய வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கே மாற்றல் வாங்கி ஊருக்கு வந்துவிட்டான். காசி பாஸ் பண்ணவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

மூர்த்தி கண்ணாடி வழியே பார்த்தான். வெளியே, பெயிண்ட் போன தன் மொபெட் பக்கத்தில் காசி நின்றுகொண்டிருந்தான்.

'பொறாமையா? இவனுக்கா?'

காசி திரும்பி வந்தான். "மூர்த்தி, இதுவரைக்கும் உன்கிட்ட ஏதாச்சும் கேட்டிருக்கனா?"

"இல்ல."

"இப்ப கேக்கறேன். ஏன்னு மட்டும் கேக்காத. போன வருஷத்ததை எடு."

மூர்த்தி அந்தப் புது வண்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தான். வேலை கிடைத்த நாளிலிருந்து கண்ட கனவு.

"சரி. அதையே எடுத்துக்கறேன். உனக்குச் சந்தோஷம்தானே?"

குத்திப் பேசியதுகூடத் தெரியாமல் காசி முகமெல்லாம் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க மூர்த்திக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டு வாசலில் அம்மா கன்னியம்மாள் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தாள். மூர்த்தி முன்னால், காசி மொபெட்டில் பின்னால் வந்து நின்றார்கள்.

"ரெட்டைப் பிள்ளையார் கோயில்ல பூஜை போட்டுட்டு வந்துடலாம். ஏறும்மா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். ஊருக்கு வந்ததிலிருந்து மூர்த்தியும் பார்க்கிறான், தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். கேட்டால், "வயசாவுதில்ல" என்பாள்.

அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும், யாரும் சொல்லாமலே காசி தோளைத் தாழ்த்திக் குனிந்தான். அம்மா அவன் தோளை அழுத்திப் பிடித்து, இடுப்பை மெல்லச் சாய்த்து, நீளமான சீட்டில் வழுக்கினாற்போல் உட்கார்ந்தாள். காசி அவள் பாதத்தைப் பிடித்து ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தான். தினமும் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

"பரவால்லடா காசி, நோவு தெரியல" என்றாள் அம்மா. "கரண்டு வைக்க ஆஸ்பத்திரிக்கு இனிமே இவனே கூட்டிட்டுப் போயிடுவான். எனக்கோசரம் நீ கடையைச் சாத்திட்டு ஓடியார வேணாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூர்த்தி திரும்பினான். "கரண்டா? எதுக்கும்மா?"

அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டாள். காசிதான் சொன்னான்.

"பொங்கலுக்கு முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கடா. இடுப்பு எலும்புல விரிசல். நோவு போக ஆஸ்பத்திரியில கரண்டு வெச்சு சிகிச்சை குடுக்கறாங்க. உனக்கு வேலை நிரந்தரம் ஆகற நேரம். தெரிஞ்சா லீவு போட்டுட்டு ஓடி வந்துடுவான்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

"அதான் இப்ப சரியாப் போச்சே" என்றாள் அம்மா.

"எங்க சரியாச்சு? இன்னும் காலை மேல தூக்க முடியல" என்ற காசி, மூர்த்தியிடம் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் புது வண்டியில பின் சீட்டு எம்மாம் ஒசரம் பார்த்தியா? அம்மா எப்படிடா ஏறுவாங்க?"

மூர்த்தி சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டான்.

ஹேண்டிலை விடாமல் இறங்கினான்.

"பிடி. நீ ஓட்டு."

"டேய், உன் வண்டிடா! மொத மொதல்ல கோயிலுக்குப் போறப்ப நீதான்..."

"உன் மொபெட் சாவியைக் குடுடா. நான் பின்னாடி வரேன்" என்றான் மூர்த்தி. "அம்மாவுக்கு வலிக்காம எப்படி ஓட்டறதுன்னு பார்த்துக்கிட்டே வரேன்."