குடைச்சலின் பின்னூட்டம்

வாத்தியாரைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் நாங்கள் சண்டைதான் போட்டோம்.

மருத்துவமனைக் கட்டிலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தான். நான் நலம்கூட விசாரிக்கவில்லை. செல்போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"கரண்ட் போனா பிரேக் விட்டுடும்னு எழுதியிருக்கே. கரண்ட் போனாத்தான்டா பிரேக் பிடிக்கும். லிஃப்ட்ல ஏறினவன் உயிரோட இறங்க வேண்டாமா?"

"என் புத்தகம். என் இஷ்டம்."

"இது அச்சுக்குப் போகாது. போச்சுன்னா அச்சகத்து வாசல்ல வந்து நிப்பேன்."

"நில்லு. குளிச்சிட்டு வந்து நில்லு."

பக்கத்தில் இருந்த அவன் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அந்த வாரமே அவன் போய்விட்டான்.

நாங்கள் இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே கம்பெனியில் தலை நரைத்தவர்கள். எதையும் விளக்கிக்கொண்டே இருப்பதால் அவன் வாத்தியார். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பதால் நான் குடைச்சல்.

என் மனைவி இறந்தபின் நான் குளிக்காமல், தாடியோடு, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது ஒரு நாள் வந்தான்.

"லிஃப்ட்டைப் பத்திப் புத்தகம் எழுதப் போறேன். மொத்தமா உட்கார்ந்து எழுத நமக்கு வராது. வாரம் ஒரு பகுதியா பிளாக்ல போடுவேன். கீழே குழியில ஆரம்பிச்சு, மாடி மாடியா ஏறி, உச்சியில மோட்டார் அறையில முடிப்பேன். கடைசியில சேர்த்துக் கட்டினா புத்தகம். நீ படிச்சுச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் படிக்க வேண்டாம். போ."

போனான். போவதற்கு முன் அந்த வலைப்பூவை என் செல்போனில் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

முதல் பதிவிலேயே இப்படி எழுதியிருந்தான்: 'கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாது. பெட்டிக்கு அடியில் இருக்கும் பிடிப்பான், கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும்.'

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். 'அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கே போய்த் தொங்குவது? பிடிப்பான் பிடிப்பது பக்கவாட்டுத் தண்டவாளத்தை. இப்படிக்கு, குடைச்சல்' என்று பின்னூட்டம் போட்டேன்.

உடனே பதில் வந்தது. 'நீ போய்ப் பார்த்தியா?'

பார்த்துவிட்டே சொல்கிறேன் என்று, நாங்கள் லிஃப்ட் மாட்டிய பழைய கட்டடம் ஒன்றுக்குப் போனேன். அந்தத் தாடியோடு போனால் காவலாளி உள்ளே விடமாட்டான் என்று சவரம் செய்துகொண்டேன். குழிக்குள் இறங்கி, பிடிப்பானைப் படம் எடுத்துப் போட்டேன்.

அதற்குப்பின் வாரம் தவறாமல் அவன் ஒரு தப்பு, நான் ஒரு திட்டு, கூடவே ஒரு படம்.

மற்ற வாசகர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. 'பெரியவருக்கு வயிற்றெரிச்சல்' என்று ஒருவன் எழுதினான். 'நீங்கள் ஒரு புத்தகம் எழுதிக் காட்டுங்களேன்' என்றாள் ஒருத்தி.

அவன் படுக்கையில் விழுந்தபிறகு என் மகனே கேட்டான். "நோயாளி மனுஷனைப் போய் ஏம்பா இப்படி? விட்டுடுங்க."

"தப்பு தப்புதான். எமனே எழுதினாலும் திருத்துவேன்" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவன் மகள் வந்தாள். கையில் அச்சுப்படி.

"புத்தகம் அச்சுக்குப் போகுது மாமா. ஒரு தடவை பார்த்துடுங்க."

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிடிப்பான் தண்டவாளத்தைப் பிடித்தது. கதவு பூட்டிக்கொள்ளாமல் லிஃப்ட் நகரவில்லை. கரண்ட் போனதும் பிரேக் பிடித்தது. பேனா மூடியைக்கூட நான் கழற்றவில்லை.

"என் திருத்தத்தையெல்லாம் சேர்த்துட்டியாம்மா?"

"நான் படத்தை மட்டும்தான் சேர்த்தேன் மாமா. எல்லாம் நீங்க எடுத்தது. எழுத்துல கை வைக்கலை. அத்தை தவறிப்போறதுக்கு முன்னாடியே அப்பா இதை எழுதி முடிச்சு வெச்சிருந்தார்."

"அப்போ பிளாக்ல வந்தது?"

"ஒவ்வொரு பகுதியையும் போடறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுவார். 'இதுல எந்த இடத்தைக் கெடுத்தா அவன் எழுந்து உட்காருவான்?'னு கேட்பார். உங்க திட்டு வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டார். வந்ததும், 'இந்த வாரமும் எழுந்துட்டான்'னு சொல்லிட்டுத்தான் தட்டை எடுப்பார்."

பேனாவை மேஜைமேல் வைத்தேன். அது உருண்டு கீழே விழுந்தது. அவள்தான் குனிந்து எடுத்தாள்.

"இன்னொண்ணு மாமா. புத்தகம் வர்றதுக்குள்ள பிளாக்ல இருக்கற தப்பையெல்லாம் எடுத்துடணும்னு பதிப்பகத்துல சொல்றாங்க. பார்க்கறவங்க அப்பாவுக்குத் தொழிலே தெரியாதுன்னு நினைச்சுடுவாங்களாம்."

"ஒரு எழுத்தைத் தொடக் கூடாது."

"அப்பா பேர் கெட்டுடாதா?"

"கெடாது. கேட்கறவன் எவனா இருந்தாலும் என்கிட்ட அனுப்பு. குளிச்சிட்டுத் தயாரா இருப்பேன்."

புத்தகம் வந்துவிட்டது. அதில் ஒரு தப்பும் இல்லை. வலைப்பூவில் எல்லாத் தப்பும் அப்படியே இருக்கின்றன, ஒவ்வொன்றின் கீழும் என் திட்டோடு.